படுத்திருந்த சிப்பாய்

"அண்ணே, எதையும் தொட்டுராதீக. பசை இன்னும் காயல. அவுக வந்தா என்னையத்தேன் வைவாக."

சொல்லிவிட்டு மூக்கம்மாள் மோர் எடுக்கப் போனாள். அம்மாவாசி எதையும் தொடவில்லை. தொடுகிற தெம்பும் அவனுக்கு இல்லை.

வீரபாண்டித் திருவிழாவுக்குக் கூடலூரிலிருந்து வந்தவன் அவன். "பக்கத்து ஊர்ல வேலுச்சாமின்னு ஒரு பட்டாளத்துக்காரரு, வீட்டுக்குள்ளயே பஸ்ரா சண்டையக் கட்டி வச்சிருக்காரு" என்று ராட்டினத்தடியில் யாரோ பேசிக்கொண்டார்கள். அம்மாவாசியின் கையிலிருந்த பொரிகடலை அப்படியே கொட்டிவிட்டது. வேலுச்சாமி உயிரோடு இருக்கிறானா?

இரண்டு பேரும் வெள்ளைக்காரனுக்காகக் கடல் தாண்டிப் போய்ச் சண்டை போட்ட ஒரே படையில் இருந்தவர்கள். பஸ்ராவுக்கு அப்பால் ஆற்றங்கரை மணலில் குண்டடி பட்டு விழுந்த வேலுச்சாமி, "அம்மாவாசி, தண்ணி" என்று கூப்பிட்டான். அம்மாவாசி திரும்பிப் பார்க்காமல் ஓடினான். சண்டை முடிந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் சொம்பைக் கையில் எடுத்தால் அந்தக் குரல் கேட்கிறது. காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான், வந்த இடத்தில் சாமியைக்கூடக் கும்பிடாமல் வேலுச்சாமியின் வீட்டுக்கு ஓடி வந்திருந்தான். வந்தபோது பெண்டாட்டி மூக்கம்மாள்தான் இருந்தாள்.

மாட்டுக்கொட்டத்தில் பாதியைத் தடுத்து எடுத்த அறை அது. மூலையில் உளியும் அரமும் தேய்ந்துபோன சவரக்கத்தியும், ஒரு சட்டியில் புளியங்கொட்டைப் பசையும் இருந்தன. நடுவில் பழைய கதவு ஒன்றைப் படுக்கப் போட்டு, அதன்மேல் மணல் பரப்பி, ஒரு போர்க்களத்தையே உண்டாக்கியிருந்தான் மனுஷன். மூங்கில் குழாயில் பீரங்கி. நூல்கட்டையைச் சக்கரமாக்கிய கழுதை வண்டி. இலவங்கட்டையில் செதுக்கிய சாண் உயரச் சிப்பாய்கள். சும்மா சொல்லக்கூடாது, முகத்தைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிடலாம்.

முதுகைக் காட்டி ஓடுகிற நெட்டைச் சிப்பாய் ஒருவனை அம்மாவாசி குனிந்து பார்த்தான். அது அம்மாவாசியேதான்.

அவனுக்குப் பின்னால் மணலில் ஒருவன் படுத்திருந்தான். அதே கூர்மூக்கு, அதே ஒட்டின கன்னம். வேலுச்சாமி. அவன் தலையை மடியில் தாங்கி, இன்னொருவன் தோல்பையிலிருந்து தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தான். ஊட்டுகிறவனின் இடது கையில் இரண்டு விரல் இல்லை. படைக்குத் தண்ணீர் சுமந்த கர்ணன்தான் அது. வண்டி கவிழ்ந்து அவன் விரல் போனபோது கட்டுப் போட்டதே அம்மாவாசிதான். பாவம், நாதியில்லாதவன்.

'நான் ஓடிட்டேன், அவன் கொடுத்திருக்கான்' என்று அம்மாவாசி தனக்குள் சொல்லிக்கொண்டான். படுத்திருந்த சிப்பாயின் மார்பில் ஒரு மல்லிகைப்பூ பாதி வாடி இருந்தது. செய்தவனே வைத்திருப்பான் என்று எண்ணிக்கொண்டான்.

மூக்கம்மாள் மோரை நீட்டினாள். வாங்கினானே தவிர, வாயில் வைக்க முடியவில்லை. பேச்சை மாற்றுவதற்காகச் சுவரில் குங்குமம் வைத்து மாட்டியிருந்த கட்டாரிக் கத்தியைக் காட்டி, "இது என்ன தங்கச்சி?" என்றான்.

"அதுக்குத்தேன் நான் வாக்கப்பட்டது" என்று சிரித்தாள். "மாப்பிள்ள பட்டாளத்துல இருந்தாக. எங்கள்ல அப்பிடி ஒரு வழக்கம். கட்டாரிய மணையில வச்சு, நாத்தனா தாலி கட்டுனாக. சண்ட முடிஞ்சு வரும்போதுதேன் இவுக மொகத்தையே பாத்தேன். அதுவும் தீயில வெந்த மொகம். ஊருக்கே அடையாளம் தெரியல. என் மாமியாதேன் கண்ணு தெரியாட்டியும் தடவிப் பாத்து, 'எம்மகன் வந்துட்டான்'னு கட்டிப்பிடிச்சு அழுதாக."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"இந்தா வந்துட்டாக. யாரு வந்திருக்காகன்னு பாருங்க, ஒங்க பட்டாளத்துச் சேக்காளி."

வந்தவனின் முகம் பாதி வெந்து சுருங்கியிருந்தது. இடது கையில் இரண்டு விரல் இல்லை.

நின்றது கர்ணன். அப்படியானால் வேலுச்சாமி அந்த மணலோடு மணலாகப் போய்விட்டான். இவன், செத்தவனின் பேரையும் வீட்டையும் பெண்டாட்டியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

கர்ணனின் கண் கெஞ்சியது.

"நல்லாருக்கியா... வேலுச்சாமி?" என்றான் அம்மாவாசி. எப்படி அந்தப் பேர் வாயில் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

கர்ணன் மூச்சை விட்டான். "எளநி வெட்டிட்டு வாரேன்" என்று தோட்டத்துப் பக்கம் போனான்.

அம்மாவாசி மோரைக் கீழே வைத்தான். ஒருமுறை வாய் மூடி ஓடியது போதும். உண்மையைச் சொல்லாமல் போனால் செத்தவனுக்கு இரண்டாம் தடவை துரோகம் செய்ததாகும்.

"தங்கச்சி, மனசத் தெடப்படுத்திக்க. இந்த ஆளு..."

"சொல்ல வேணாம்ணே."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மாமியா சாகும்போது எங்கிட்டச் சொல்லிட்டாக. தொட்டவொடனயே தெரிஞ்சுபோச்சாம், இது எம்மகன் இல்லன்னு. இவுக பாவம், சாவுச் சேதி சொல்லத்தேன் வந்திருக்காக. வாயத் தெறக்க விடாம அவுகதேன் கூப்பாடு போட்டு ஊரக் கூட்டிருக்காக. கட்டாரிக்கு வாக்கப்பட்ட பிள்ள, புருசன் மொகங்கூடப் பாக்காமத் தாலியறுக்கக் கூடாதுன்னு."

பெற்ற மகன் செத்த துக்கத்தை அழக்கூட முடியாமல் விழுங்கிக்கொண்டு ஒருத்தி இந்த வீட்டில் வாழ்ந்திருக்கிறாள்.

"எனக்குத் தெரியும்னு இவுகளுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிராதீக."

தோட்டத்தில் அரிவாள் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மூக்கம்மாள் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் தலையிலிருந்து ஒரு மல்லிகையை எடுத்து, படுத்திருந்த சிப்பாயின் மார்பில் பழைய பூவை மாற்றி வைத்தாள். பிறகு, முதுகைக் காட்டி ஓடுகிற நெட்டைச் சிப்பாயையும் எதிரில் நின்ற நெட்டை அம்மாவாசியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்த மகராசருக்குத்தேன் கடைசியில தண்ணி கெடச்சிருச்சே. நீங்க மோரக் குடிங்கண்ணே."