பதினாலாயிரம் மீற்றர்

ஞானேந்திரன் என் மெசினில் கைவைக்கிறான் என்று தெரிந்ததும், முதலாளி மதாமிடம் போட்டுக்கொடுப்பது என்று முடிவெடுத்தேன்.

பிரெஞ்சு பேசுகிற லாசாலில், காணி அளக்கிற கந்தோர் ஒன்றில் இரண்டு வருசமாக வேலை செய்கிறேன். வெளியே போய் அளவுத் தடி பிடிப்பதும், கைமெசினில் விழும் தூரத்தைக் கொப்பியில் எழுதுவதும்தான் வேலை. மாதக் கடைசியில் என்னை நிரந்தரமாக்குவதாக மதாம் சொல்லியிருந்தார். என் கொப்பி அவ்வளவு துப்புரவாம்.

ஞானேந்திரன் உள்ளே கொம்பியூட்டரோடு இருப்பவன். என் மகளின் கலியாணத்துக்கு வந்து, சாப்பிடாமல் எழும்பிப் போனவன். அதை நான் மறக்கவில்லை.

என்னோடு வெளியே வருகிற அன்டனின் மெசினை எட்டிப் பார்த்தபோதுதான் விசயம் பிடிபட்டது. அவனுக்கு மீற்றர், எனக்கு மட்டும் அடி. அவனுக்குக் கமா, எனக்குப் புள்ளி. போதாததற்கு, பின்னேரம் எல்லோரும் போன பிறகு, மறந்த குடையை எடுக்கத் திரும்பி வந்தால், ஞானேந்திரன் என் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு ஏதோ கிறுக்குகிறான். நான் நிரந்தரமானால் அவனுக்கு வயிறு எரியாதா?

வெள்ளிக்கிழமை காலை, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். மதாம் அவனைக் கூப்பிட்டு விசாரித்தார். மாற்றியது தான்தான் என்றான். ஏன் என்று சொல்லவில்லை. எனக்குப் பாயாசம் குடித்த மாதிரி இருந்தது.

மதாம் என் மெசினை வாங்கி, செட்டிங்குக்குள் போய், அடியை மீற்றராக்கினார். புள்ளியைக் கமாவாக்கினார். அன்டனைத் தடியோடு வெளியே மின்கம்பத்தடியில் நிறுத்தி, மெசினை என்னிடம் தந்து தூரத்தை வாசிக்கச் சொன்னார்.

14,208.

"பதினாலாயிரத்து இருநூற்றெட்டு மீற்றர்," என்று உரத்து வாசித்தேன்.

அன்டன் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தான். கம்பம் இருபது காலடித் தூரத்தில் நின்றது. நான் சொன்ன தூரத்துக்கு அது எங்கேயோ தள்ளி இருக்கிற புவாண்ட்-கிளேர் ஊரில் நிற்க வேண்டும். எங்களுக்குக் கமா ஆயிரத்துக்குப் போடுவது. இவர்களுக்கு அதுதான் தசமப் புள்ளியாம்; வெறும் பதினாலு மீற்றர்.

மதாம் உள்ளே போய், என் பெயர் போட்ட கொப்பியைக் கொண்டுவந்து விரித்தார். பக்கம் பக்கமாக மீற்றர், கமா. ஒரு வெட்டுக் கிடையாது.

"அப்ப இதை எழுதினது யார்?"

நான் அந்தக் கொப்பியைக் கண்டதே இல்லை. எழுத்து ஞானேந்திரனுடையது; நான் எழுதின அடிகளையெல்லாம் மீற்றராக்கிப் புதுக் கொப்பியில் எழுதியிருந்தான்.

அவன் இப்போதுதான் வாய் திறந்தான். அண்ணை முப்பது வருசம் கட்டட வேலையில் அடியில் அளந்தவர், அளவு ஒருநாளும் பிழைத்ததில்லை, இந்தக் கமாதான் தடக்குகிறது என்றான். இரண்டு கிழமை தந்தால் பழக்கிவிடுகிறேன், அதற்குப் பிறகும் பிழை வந்தால் என்னை வேலையை விட்டு அனுப்புங்கள் என்றான்.

மதாம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டு கிழமை தந்தார்.

வெளியே வந்ததும் கேட்டேன்.

"எனக்கு ஏனடாப்பா சொல்லேல்லை?"

"சொன்னா கோவிப்பியள் அண்ணை. உங்கட கோவம் லேசில போகுமே? அந்தக் கலியாணச் சோத்துக்குப் பத்து வருசமாச்சு, இன்னும் முகம் குடுத்துக் கதைக்கிறியள் இல்லை."

"பத்தில்லை," என்றேன். "ஒன்பது வருசமும் நாலு மாதமும்."

அந்த அளவுக்கு எனக்குக் கமாவும் தேவையில்லை, புள்ளியும் தேவையில்லை.