மகிழங்கன்று

நர்சரி வாசலில் கார் நிற்கிறது. இறங்கி நடக்கத் தெம்பில்லாத மனைவி முன் இருக்கையில் சாய்ந்திருக்கிறாள். சிகிச்சையில் முடி உதிர்ந்த தலையைத் துப்பட்டா மூடியிருக்கிறது. இந்த மண்ணுக்கே உரிய செடிதான் வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டதால், கணவர் பச்சை வலைக்கூரையின் அடியில் தேடித்தேடி, ஒவ்வொன்றாகக் கார் ஜன்னலுக்குக் கொண்டுவருகிறார். பூத்து நிற்கும் தும்பையை அவள் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறாள். அடுத்து வருவது ஒரு முழம்கூட வளராத மகிழங்கன்று. கன்று நிற்கும் மண்பையிலிருந்து நீர் அவர் சட்டையில் சொட்டுகிறது.

“இது எப்ப பூக்கும்?” என்று கேட்கிறாள். “மகிழம் மெதுவாத்தான் வளரும்க்கா. பூக்கப் பல வருஷம் ஆகும்” என்கிறாள் பின்னால் வந்த நர்சரிப் பெண். சொன்ன பிறகுதான் அவள் பார்வை துப்பட்டாவில் விழுகிறது. பூவாளியை வெறுமனே கைமாற்றிக்கொள்கிறாள். “வேணாம்மா, தும்பையே எடுத்துக்கலாம். இப்பவே பூ இருக்கு” என்று கணவர் அவசரமாகத் திரும்புகிறார். “இல்லங்க, இதுவே இருக்கட்டும். பூக்கிற வரைக்கும் நீங்க தண்ணி ஊத்தணும்ல” என்கிறாள் மனைவி.

அவர் கதவைத் திறந்து, குனிந்து, கன்றை அவள் மடியில் வைக்கிறார். நிமிர அவருக்கு வெகுநேரம் ஆகிறது.