பின்சீட்டு

மனைவி போய்ச்சேர்ந்த மறுவருடம், லேத் பட்டறையை மூடிவிட்டுப் பெரியவர் பழைய பைக்கில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஊர்சுற்றக் கிளம்பினார். அந்தக் காலத்தில் அவள் ஏறி உட்கார்ந்து தோளில் இரண்டு தட்டு தட்டினால்தான் வண்டி நகரும். இப்போதும் பெட்ரோல் பங்கில் காத்திருந்தார்.

“யாராவது வரணுமா சார்?”

“வீட்டம்மா இன்னும் ஏறலப்பா.”

தோளில் இரண்டு தட்டு விழுந்தது. திரும்பிப் பார்க்காமல் கிளம்பினார். நிறுத்திய இடத்திலெல்லாம் அப்படியே.

மறுநாள் ஏரிக்கரையில் மழை பிடித்துக்கொண்டது. கூடாரத்தை அரைகுறையாகச் சுருட்டிக்கொண்டு வண்டியை விரட்டினார். பாதி மலை ஏறிய பிறகுதான் உறைத்தது.

“ஐயோ, அவள விட்டுட்டு வந்துட்டேனே!”

திரும்பி வந்தபோது கரையெல்லாம் சேறு. ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு மட்டும் தரை காய்ந்திருந்தது. அதை ஒட்டி வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். மெல்ல அந்த இடமும் நனைந்தது. தோளில் மழை மட்டும்தான் விழுந்தது.