மாஸ்டரின் நாக்கு

"உவ்வே" என்று தொட்டியில் துப்பினார் சமையல் மாஸ்டர். டம்ளர் உதட்டில் பட்டதுதான் தாமதம், முகம் பிழிந்த துணியாகிவிட்டது. "கர்மம். மாட்டுக்குக் கொடுத்தாக்கூட முட்டும்."

உணவகத்தின் பின்கட்டில் எல்லோருக்கும் நிலவேம்புக் கஷாயம். போன மாதம் மாஸ்டரைப் படுக்கையில் போட்ட காய்ச்சல் இன்னும் பரவுகிறதே என்று முதலாளியம்மா போட்ட உத்தரவு. தோட்டத்துச் செடியைப் பறித்து, பாதியாகச் சுண்டக் காய்ச்சி, ஆளுக்கொரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தது மாஸ்டருக்கு உதவியாக நிற்கும் கிரைண்டர் அக்கா.

இந்த இலையின் கசப்பு தந்திரக்காரக் கசப்பு. வாயில் வைத்ததும் வெறும் பச்சை வாசம்தான். விழுங்கிய பிறகே அடிநாக்கில் ஏறும். ஏறினால் லேசில் இறங்காது. வயிற்றுப் பூச்சிக்குக் கொடுப்பதும், பால் மறக்காத பிள்ளைக்காகத் தாய் மார்பில் தடவுவதும் அந்தப் பிடிவாதத்தை நம்பித்தான்.

"பரவால்லையே" என்று மடக்கென்று குடித்த சர்வர், டம்ளரைக் கழுவப் போன இடத்தில் குமட்டிக்கொண்டு நின்றார். முதலாளியம்மா முந்தானையால் நாக்கையே வழித்துக்கொண்டார்.

"சரி, விஷயத்துக்கு வாங்க. சூப்பு வாயில வைக்க முடியலை, ஒரே உப்புன்னு இன்னைக்கும் கிண்ணத்தைத் தள்ளிட்டுப் போறாங்க. யாரு வேலை இது?" என்றார்.

"நான் ருசி பார்த்துத்தாம்மா இறக்குறேன். அப்புறம் இவதான் கை வைக்கிறா" என்றார் மாஸ்டர். "என் நாக்கு தப்பு பண்ணாது. பாருங்க, வாயெல்லாம் இன்னும் கசந்து வழியுது." மறுபடி துப்பினார்.

முதலாளியம்மா அக்காவின் பக்கம் திரும்பினார். "உன்னை நம்பினேன் பாரு. நாளையிலேருந்து வர வேணாம்."

அக்கா அழவில்லை. மாஸ்டர் வைத்துவிட்டுப்போன டம்ளரை எடுத்து, அடியில் கிடந்த மிச்சத்தை முதலாளியம்மாவிடம் நீட்டினாள்.

"ஐயோ, இன்னொரு வாயா? குடலே வெளிய வந்துடும்."

"பயப்படாம குடிங்கம்மா. மாஸ்டருக்கு மட்டும் வெல்லத் தண்ணிதான் ஊத்தினேன்."