ரசமட்டம்

ஹேமந்த் எழுந்தான், பல் துலக்கினான், பால் காய்ச்சினான். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஹாலில் பதித்த பெரிய டைல்ஸை நாணயத்தால் தட்டினான். மனைவி கங்கா இந்தத் தரையில் விழுந்து இறந்ததிலிருந்து தினமும் இப்படித்தான். அடியில் சிமெண்ட் இல்லாத இடம் வெற்றாக ஒலிக்கும். எங்கும் ஒலிக்கவில்லை.

அன்று, டைல்ஸ் பதித்த இசக்கிபாண்டியை வரவழைத்திருந்தான்.

"எங்கியோ ஓரம் தூக்கினு கீது. அது தடுக்கித்தான் அந்தப் பொண்ணு போச்சு," என்றார் எதிர்வீட்டு ரத்தினம்.

இசக்கிபாண்டி தரையின் ஏற்ற இறக்கம் பார்க்கும் ரசமட்டத்தை வைத்துக் காட்டினான். "ஒரு நூல்கூட ஏறல சார்."

"அப்போ அவ எப்படி விழுந்தா? நீயே சொல்லு!" ஹேமந்த் கத்தினான்.

தாடி மண்டிய அந்த முகத்தை இசக்கிபாண்டி சற்று நேரம் பார்த்தான். ரசமட்டத்தைப் பைக்குள் போட்டான்.

"எம் வேலதான் சார் தப்பு. ஓரம் தூக்கித்தான் இருக்கு. மன்னிச்சிருங்க."

ரத்தினம் பளாரென்று அறைந்தார். "இனிமே பிள்ளைப்பாக்கத்துல எவன் வூட்லயும் நீ கை வைக்கக் கூடாது!"

ஹேமந்த் தடுக்கவில்லை. அவனுக்கு நெஞ்சு லேசாகியிருந்தது.

எல்லோரும் போனதும் கதவைச் சாத்தினான்.

கங்கா விழுந்த அன்றைக்கும் அவன் தரையைத்தான் சோதித்துக்கொண்டிருந்தான். பள்ளம் இருந்தால் தேங்கும் என்று ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டியிருந்தான். அது எங்கும் தேங்காமல், கண்ணுக்கே தெரியாதபடி ஹால் முழுக்கப் பரவியது. அதிலேயே கண்ணாக இருந்தவன், சமையலறையிலிருந்து கங்கா கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

"ஏங்க, காபி எடுத்துட்டு வரேன். தரையில தண்ணி கிண்ணி ஊத்தலையே?"