கெஞ்சலுக்குக் காத்திருந்த மொபெட்

மாட்டுக்கொட்டகை மூலையில் கிடந்த பழைய மொபெட் நான். மினி லாரி வாங்கியதிலிருந்து என் முதலாளி மாசிலாமணி என்னைத் தொடுவதே இல்லை. அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

கொரோனா வந்து சந்தையை மூடினார்கள். லாரி சும்மா நின்றது. தோட்டத்தில் தக்காளி பழுத்துக் கொட்டியது. தெருத்தெருவாக விற்கலாம் என்று இரண்டு கூடைகளை என்மேல் கட்டி, பெடலை மிதித்தார். கொஞ்சம் கெஞ்சட்டும் என்று நான் கிளம்பவில்லை.

“அண்ணே, தக்காளி அழுகிடும், கிளம்பு,” என்றது பக்கத்தில் நின்ற சைக்கிள்.

“நானில்லாம எப்படி விக்கிறாருன்னு பாக்குறேன்.”

கூடைகளை அவிழ்த்துச் சைக்கிளில் கட்டினார். மதியம் அது வெறும் கூடையோடு திரும்பியது.

“முட்டையும் கேக்குறாங்க. நாளைக்கு நீயும் ஒத்தாசை பண்ணணும்,” என்றது.

“யோசிச்சுச் சொல்றேன்,” என்றேன் முறைப்பாக.

“உன்னை இல்லண்ணே. உன் சீட்டுல உக்காந்திருக்கிற கோழிகிட்ட சொன்னேன்.”