குட்டை வயர்

"இந்த ரேடியோவுக்கு அடாப்டர் வச்சுக் குடுங்க தம்பி. பேட்டரி போடுற இடத்த அடைச்சிடுங்க."

மலேசியாவின் கிள்ளான் நகரில் ரேடியோ பழுது பார்க்கும் அந்தக் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ரெண்டும் இருக்கட்டுமே ஆன்டி. கரண்ட் போனா பேட்டரி உதவும் லா."

"வேணாம். வயரும் குட்டையா இருக்கட்டும்."

"எல்லாரும் நீளமாத்தான் கேப்பாங்க. நீங்க வேற மாதிரி லா."

காரணத்தை அவரிடம் எப்படிச் சொல்வது? வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் என் கணவர் இந்த ரேடியோவைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்துவிடுகிறார். எனக்கென்று இருந்த அமைதியான நேரமே காலைச் சமையல்தான். வராதீர்கள் என்று சொல்லவும் மனம் வரவில்லை. பாவம், ஆசையாகக் கேட்கிறார். சமையலறை பிளக்குகள் ரைஸ் குக்கருக்கும் பிரிட்ஜுக்குமே சரியாக இருந்தன. இனி ரேடியோ ஹாலைத் தாண்டாது.

மறுநாள் காலை ரேடியோ ஹாலில் பாடியது. நான் நிம்மதியாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் பாட்டு நின்றது. அவர் வெறுங்கையோடு வந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏங்க, பாட்டு கேக்கலியா?"

"எனக்கு அந்த இரைச்சலே ஆகாது லோகா. நீ இங்க தனியா கெடக்கியேன்னுதான் தினமும் தூக்கிட்டு வந்தேன். பரவால்ல, இனிமே நானே பேசுறேன். துறைமுகத்துல எனக்கு எப்படி வேலை கெடச்சதுன்னு சொல்லியிருக்கேனா?"

எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

"இல்லையே" என்றேன்.